பிக்கப் வண்டிக்குப் புது டயர்: பழையதைக் கழற்றும் முன் ஒரு பார்வை

வாசகரின் கடிதம், சுருக்கமாக

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜெனரேட்டர் பழுதுபார்ப்பது அவர் தொழில். அதற்காக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். பின்சக்கரங்களால் ஓடும் வண்டி. தேவைப்பட்டால் நெம்புகோலைத் தள்ளி நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கலாம். வாரத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. பின்தொட்டியில் வழக்கமாக இருப்பது 100 கிலோ கருவிப்பெட்டிகள். மாதத்துக்கு ஓரிரு முறை 700 கிலோ வரை எடையுள்ள இயந்திரம் ஏறும். மண்பாதை என்று பார்த்தால், ஏதாவது ஒரு பண்ணைக்கோ கல்குவாரிக்கோ போகும்போது கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.

சென்ற மாதம் மழை தொடங்கிய சிறிது நேரத்தில், ஒரு வளைவில், 90 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தபோது பிரேக்கை லேசாகத் தொட்டிருக்கிறார். வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசிக்கொண்டுபோய் அடுத்த தடத்தில் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் உடன் வந்த மனைவி, டயர் மாற்றும்வரை அந்த வண்டியில் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு வீட்டிலும் வெளியிலும் ஆளுக்கு ஓர் ஆலோசனை. பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டி) போட்ட ஆல்-டெரெய்ன் டயர், அதுவும் ஓர் அளவு பெரிதாக, வெள்ளை எழுத்துடன் வேண்டும் என்கிறார் மகன். லாரி ஓட்டும் நண்பர் '10 பிளை'யைத் தவிர வேறெதையும் டயர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. டயர் கடைக்காரரோ, இப்போதைக்கு இரண்டு போதும், புதியவற்றை முன்னால் மாட்டிவிட்டு முன்னாலிருப்பவற்றைப் பின்னால் தள்ளிவிடலாம் என்கிறார். வாசகரின் சொந்த முடிவு இது: "நெடுஞ்சாலை டயருக்குப் பிடிப்பு போதாது என்பது அன்று நிரூபணமாகிவிட்டது. காற்று விஷயத்திலும் நான் அலட்சியம் காட்டுவதில்லை. டயரில் எழுதியிருக்கிறபடி நான்கிலும் 44 பி.எஸ்.ஐ. தவறாமல் அடித்துவிடுவேன்."

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளைவிட, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் குறித்திருந்த எண்கள்தான் எனக்கு அதிகம் உதவின. ஒவ்வொரு டயரிலும் நடுவிலும் இரு ஓரங்களிலும் வரிப்பள்ளத்தின் ஆழத்தை அளந்து அனுப்பியிருக்கிறீர்கள். பின்டயர்கள்: நடுவில் 1.8 மில்லிமீட்டர், ஓரங்களில் 4.5. முன்டயர்கள்: நடுவிலும் ஓரங்களிலும் ஏறக்குறைய 4. டயரைப் பார்த்து வண்டியின் கதையைச் சொல்லும் வேலையைத்தான் நான் பல ஆண்டுகள் செய்தேன். உங்கள் கதை இந்த நான்கு வரிகளிலேயே இருக்கிறது.

நடு தேய்ந்து ஓரங்கள் தப்பித்த டயர், சுமக்கும் எடைக்கு அதிகமாகக் காற்றடைத்து ஓடிய டயர். அளவுக்கு மீறிக் காற்றடைத்தால் டயரின் வயிறு புடைக்கிறது. நடுப்பகுதி மட்டும் தரையை உரசுகிறது. உங்கள் முன்பக்கத்தில் என்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அந்த எடை டயரை ஓரளவு தட்டையாக்கித் தரையில் பதித்துவிட்டது. அதனால் தேய்மானம் சீராக இருக்கிறது. பின்னால் காலித் தொட்டி. அதைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் முழுச் சரக்குக்காகச் செய்யப்பட்டவை. நூறு கிலோ அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. விறைத்த ஸ்பிரிங், எடையில்லாத அச்சு, வயிறு புடைத்த டயர், அந்த வயிற்றிலும் நீரை வெளியேற்ற 1.8 மில்லிமீட்டர் பள்ளம். போதாததற்கு மழையின் முதல் சில நிமிடங்கள். சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து பசையாகும் நேரம் அது. அன்று உங்கள் வண்டி வழுக்காமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

ஆகவே, நெடுஞ்சாலை டயருக்குப் பிடிப்பில்லை என்ற தீர்ப்பை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். தேய்ந்த டயருக்கும் தவறான காற்றழுத்தத்துக்கும் கொடுக்க வேண்டிய தண்டனையை டயரின் வகைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதில்லை. இந்தத் தீர்ப்போடு கடைக்குப் போனால், ஈரச் சாலையில் இன்னும் மோசமாக நடந்துகொள்ளக்கூடிய டயரை அதிகப் பணம் கொடுத்து வாங்கிவருவீர்கள்.

44 என்ற எண் யாருக்காக எழுதப்பட்டது?

பக்கச்சுவரில் இருக்கும் 44, அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம். அதே டயர் பல வண்டிகளில் மாட்டப்படும். எந்த வண்டியில், எந்த அச்சில், எவ்வளவு எடைக்குக் கீழே ஓடப்போகிறது என்பது டயர் ஆலைக்குத் தெரியாது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியவர் வண்டியைச் செய்தவர். அவர் அதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருப்பார். இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். பல பிக்கப் வண்டிகளில் அந்த ஒட்டில் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று சரக்கில்லாதபோது, மற்றொன்று முழுச் சரக்குடன். முன்டயருக்கான எண் அதிகம் மாறாது. பின்டயருக்கான எண் கணிசமாக உயரும். கார் ஓட்டிப் பழகியவர்கள் இந்த இரண்டாவது வரியைக் கவனிப்பதே இல்லை. பிக்கப் வைத்திருப்பவருக்கு அந்த ஒட்டிலேயே முக்கியமான வரி அதுதான்.

அதன்படி, மாதத்தில் இயந்திரம் ஏறும் அந்த ஓரிரு நாட்களில் பின்டயருக்குக் காற்றைக் கூட்டுங்கள். இறக்கியபின் மறுநாள் காலை குறையுங்கள். தொல்லைதான், மறுக்கவில்லை. கையடக்கமான காற்றடிப்பான் ஒன்று வண்டியில் இருந்தால் பத்து நிமிட வேலை.

விவரம் தெரிந்த யாராவது உங்களிடம் ஒரு கணக்கைக் காட்டக்கூடும். நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. விமானச் சக்கரங்களை ஆராய்ந்தபோது நாசா ஆய்வாளர்கள் 1960-களில் கண்டது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் கிடைப்பது அந்த வேகம், நாட் கணக்கில். 36 பி.எஸ்.ஐ. என்றால் 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். 25 என்றால் 45 நாட், ஏறக்குறைய 83 கிலோமீட்டர். 'அப்படியானால் 44 இன்னும் பாதுகாப்புதானே' என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணக்கு, நீரின் ஆழம் டயரின் பள்ளங்களால் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனபின் வருவது. நல்ல பள்ளமுள்ள டயர் அந்த நிலைக்கு எளிதில் வராது. உங்கள் பின்டயரின் நடுப்பள்ளத்தைத் தின்று தீர்த்ததே 44-தான். வெறுமனே நனைந்திருக்கும் சாலையில் பிரேக் பிடிக்கும்போது தேவைப்படுவது தரையில் பரவிப் பதியும் ரப்பர். அதையும் அது சுருக்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு எதிர்க்கோடிக்குப் போய்விடாதீர்கள். குறைந்த காற்று அதைவிட ஆபத்து. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது, மடிப்பு வெப்பமாகிறது, நெடுஞ்சாலை வேகத்தில், பாரத்துடன், மணிக்கணக்கில் ஓடினால் அந்த வெப்பத்தில் டயரின் அடுக்குகள் ஒன்றையொன்று விடத் தொடங்கும். 2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது, ஓடும்போதே மேல்பட்டை பிரிந்துபோன விபத்துகளுக்குப் பிறகுதான். அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. டயரின் குறையா, பரிந்துரைத்த காற்றழுத்தம் குறைவா, வண்டியின் வடிவமா என்று இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம்சாட்டிக்கொண்டன. அந்தச் சர்ச்சையின் விளைவாகத்தான் அமெரிக்காவில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. உங்கள் வண்டியிலும் அந்த விளக்கு இருக்கலாம். அதை நம்பி அளக்காமல் இருக்க வேண்டாம்: அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தபிறகு எரிந்தால் போதும்.

அளப்பது எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது. ஓட்டிவந்து சூடாக இருக்கும்போது அழுத்தம் ஏறித்தான் தெரியும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுவது பலருக்கும் பழக்கம். மறுநாள் காலை அந்த டயர் காற்றுக் குறைந்து நிற்கும்.

மகனின் ஆசையும் நண்பரின் 10 பிளையும்

பிக்கப் டயர்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். எச்.டி. என்பது நெடுஞ்சாலைக்கு, நெருக்கமான பட்டன்கள், நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள், பட்டன்களின் மேல் மெல்லிய கீறல்கள். ஏ.டி. என்பது உங்கள் மகன் கேட்கும் ஆல்-டெரெய்ன், சாலை பாதி, காடுமேடு பாதி என்பவர்களுக்கு. பட்டன்கள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. எம்.டி. சேற்றுக்கு. அந்தக் கடைசி வகையை நான் இளம் வயதில் ஆசைப்பட்டு மாட்டி ஓராண்டு ஓட்டியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் உள்ளே உட்கார்ந்திருப்பவருடன் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

பட்டன் பெரிதாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்று கண்ணுக்குத் தோன்றுகிறது. சேற்றிலும் சரளையிலும் அது உண்மை: பட்டனின் விளிம்பு மண்ணைக் கடிக்கும், அகன்ற இடைவெளி சேற்றை உதறும். தார்ச்சாலையில் கடிக்க மண் இல்லை. அங்கே இடைவெளி என்பது தரையைத் தொடாத ரப்பர். ஈரத் தரையில் மெல்லிய நீர்ப்படலத்தை உடைப்பது அந்தச் சிறு கீறல்கள், நெருக்கமான எச்.டி. அமைப்பில் அவை நிறைய உண்டு. அதனால் ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில், ஒரே தரத்திலுள்ள எச்.டி. டயர் பெரும்பாலும் ஏ.டி.யை முந்தும். இதற்குமேல் ஏ.டி. கனமானது, அதிக இரைச்சல், எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

ஏ.டி. டயரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கூரான கல் எளிதில் கிழிக்காத பக்கச்சுவர் பலவற்றில் உண்டு. கல்குவாரிக்கு வாரம் மூன்று முறை போகிறவராக நீங்கள் இருந்தால் என் பதிலே மாறியிருக்கும். மாதத்துக்கு ஓரிரு கிலோமீட்டர் காய்ந்த மண்பாதைக்கு நல்ல எச்.டி.யும் உங்கள் நான்கு சக்கர நெம்புகோலும் தாராளம். வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு நியாயமான ஆசைதான்; அதற்கு நாள்தோறும் இரைச்சலாகவும் மழைநாளில் சில மீட்டராகவும் விலை கொடுக்கிறோம் என்பது மகனுக்குத் தெரிந்திருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒருவழியாக, மென்மையான பட்டன் கொண்ட, சாலைப் பயன்பாட்டை முதன்மையாக வைத்துச் செய்த ஏ.டி. டயர்களும் வருகின்றன. வீட்டில் சமாதானம் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். ஈரப்பிடிப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓர் அளவு பெரிதாகப் போடுவதைப் பற்றி: உங்களுடையது 265/65 ஆர் 17. அகலம் 265 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்; ரிம் 17 அங்குலம். மொத்த விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். மகன் கேட்கும் 265/70 ஆர் 17-இன் விட்டம் 803. வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பு 100 என்று முள் காட்டிய இடத்தில் இப்போதும் 100 என்றே காட்டும். வண்டி மட்டும் முன்பைவிட மூன்று கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் அதே விகிதத்தில் குறைவாகப் பதிவாகும். பெரிய டயர் போட்டபின் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், இழப்பில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை என்பதைக் கவனிப்பதில்லை. மீதி இழப்பு உண்மைதான். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே உரசாதா, நாட்டின் வாகன விதி அனுமதிக்கிறதா, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளும் அதன் பின்னால் வரும். பதிவான அளவுக்கு மாறான டயருடன் விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான். இருக்கிற அளவிலேயே இருங்கள்.

நண்பரின் 10 பிளைக்கு வருகிறேன். பிளை என்பது ஒரு காலத்தில் உள்ளே இருந்த பருத்தித்துணி அடுக்குகளின் எண்ணிக்கை. இன்று அது பலத்தைக் குறிக்கும் ஒரு மரபுச் சொல் மட்டுமே. '10 பிளை' டயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே பத்து அடுக்கு இருக்காது. எல்.டி. என்று தொடங்கும் அளவு கொண்ட அந்த வகை டயர் நிறையச் சுமக்கும், உண்மை. பக்கச்சுவரில் பாரக்குறி என்று ஓர் எண் இருக்கும், டயர் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு; அது 121 என்றால் 1450 கிலோ தாங்கும். ஆனால் 10 பிளை டயரில் அந்த 1450 கிலோ, 80 பி.எஸ்.ஐ. காற்றில்தான். உங்கள் பழைய டயருக்கு வழக்கமான காற்றை அதில் அடித்தால், அதே டயர் எவ்வளவோ குறைவாகத்தான் சுமக்கும். லாரிக்காரருக்கு இது இயல்பாகத் தெரியும். பிக்கப்பில் மாட்டுகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு அந்தப் பலம் தேவையா? நீங்கள் படியெடுத்து அனுப்பிய பாரக்குறி 112, அதாவது ஒரு டயருக்கு 1120 கிலோ. பின்னச்சில் இரண்டு டயருக்குமாக 2240. 700 கிலோ இயந்திரத்தோடு உங்கள் பின்னச்சில் விழும் மொத்த எடை இதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். சந்தேகமென்றால் ஒருமுறை முழுப் பாரத்துடன் எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். நாள்தோறும் ஒன்றரை டன் ட்ரெய்லரை இழுப்பவருக்கு நான் எல்.டி. டயரைத்தான் சொல்வேன். உங்கள் காலித் தொட்டியின் கீழே அது கட்டையாகத்தான் உருளும். ஈரத்தில் பின்பக்கம் விலகும் உங்கள் பழைய நோய்க்கு அது மருந்தாகாது. 112-ஐவிடக் குறைந்த பாரக்குறி மட்டும் வேண்டவே வேண்டாம், விலை எவ்வளவு இனித்தாலும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேகத்துக்கானது; 'எஸ்' என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். அதிலும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டா, நான்கா? புதியது எங்கே?

கடைக்காரர் பணத்தை மிச்சப்படுத்தித் தர நினைத்திருக்கிறார், அதில் குறையில்லை. புதியதை முன்னால் போடலாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீயரிங் முன்னால் இருப்பதால் நல்ல டயரும் முன்னால் என்று நினைப்பது இயல்பு. ஈரச் சாலையில் முன்டயர் வழுக்கினால் வண்டி வளைய மறுத்து நேராகப் போகும். கையில் ஸ்டீயரிங் லேசாவது தெரியும். கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும். பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் அதைத் திருத்த நேரம் கிடைப்பதில்லை. முன்சக்கரத்தால் ஓடும் வண்டியானாலும் பின்சக்கரத்தால் ஓடும் வண்டியானாலும், இரண்டு மட்டும் மாற்றினால் அவை பின்னால்தான்.

உங்கள் விஷயத்தில் நான்கையும் மாற்றச் சொல்கிறேன். முன்டயரில் 4 மில்லிமீட்டர் இருக்கிறதே என்பீர்கள். பல நாடுகளில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான், பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டத்தான் இருக்கின்றன. ஆனால் 4-க்கும் 3-க்கும் கீழே போகப்போக ஈரத்தில் நிற்கும் தூரம் வேகமாகக் கூடுகிறது. சட்டத்தின் எல்லை வரும்வரை மழை காத்திருப்பதில்லை. என் முடிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. பக்கச்சுவரில் இருப்பதையெல்லாம் ஒரு வரி விடாமல் படியெடுத்திருக்கிறீர்கள். 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எடுத்துக்காட்டாக, 3522 என்றால் 2022-இன் 35-ஆவது வாரம். நீங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் 'புத்தம் புதிதாக' மாட்டிய டயர்கள், மாட்டிய அன்றே இரண்டு வயது ஆனவை. இப்போது ஐந்து. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காலத்தால் இறுகும். வண்டி நிறுவனங்கள் பலவும் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பலவும் பத்து ஆண்டுகளை எந்த நிலையிலும் தாண்டக்கூடாத எல்லையாக வைக்கின்றன.

கையில் பணம் நெருக்கடி என்றால் இப்போது இரண்டை வாங்கிப் பின்னால் மாட்டுங்கள், சில மாதங்களில் மற்ற இரண்டு, அதே நிறுவனம், அதே மாதிரி. அந்த இடைக்காலத்தில் நான்கு சக்கர நெம்புகோலைத் தார்ச்சாலையில் தொடாதீர்கள். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். வழுக்கும் மண்ணில் அந்த முறுக்கம் தானாக அவிழும், காய்ந்த தாரில் கியரைத்தான் கடிக்கும். காய்ந்த தாரில் டயர் ஒத்திருந்தாலும் தொடக்கூடாது என்பதை உங்கள் கையேடே சொல்லும்.

கடையில் நீங்கள் கேட்க வேண்டியவை

பிறந்த தேதியைக் காட்டச் சொல்லுங்கள், மாட்டுவதற்கு முன். நான்கு டயரிலும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிறோம். ஓராண்டுக்கு மேல் கிடப்பில் இருந்ததை நானாக இருந்தால் திருப்பிவிடுவேன். அளவு, பாரக்குறி, தேதி ஆகியவற்றைப் பில்லில் எழுதி வாங்குங்கள்; பின்னால் உத்தரவாதம் கேட்கும்போது பேசப்போவது அந்தத் தாள்தான். இத்தனை கிலோமீட்டர் என்று உத்தரவாதம் தரும் டயர்களில், டயரை இடம் மாற்றி மாட்டிய பதிவுகளைக் கேட்பதுண்டு.

ஐரோப்பிய ஒட்டு இருந்தால் அதில் மூன்று அளவுகள் இருக்கும்: எரிபொருள், ஈரப்பிடிப்பு, இரைச்சல். முதல் இரண்டுக்கும் 2021 மே முதல் ஏ முதல் இ வரை ஐந்து படிகள். ஈரப்பிடிப்பை முதலில் பாருங்கள், எரிபொருளைப் பிறகு. டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்று காட்ட அமெரிக்க முறையில் வரும் தேய்மான எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அதைக் கொடுப்பது டயரைச் செய்த நிறுவனமே. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். ஒரு நிறுவனத்தின் 500-ஐ மற்றொன்றின் 600-உடன் ஒப்பிட்டால் ஏமாறலாம். எல்.டி. டயர்களுக்கு அந்த எண் இருக்காது.

வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பாலன்சிங்கும் அலைன்மென்ட்டும் அன்றே. நைட்ரஜனுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் புன்னகையோடு மறுத்துவிடலாம். சாதாரணக் காற்றிலேயே நைட்ரஜன் 78 சதவீதம் இருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்தோல் கொஞ்சம் வழுக்கும். 100 கிலோமீட்டர் முடிவதற்குள் சக்கர நட்டுகளைச் சரியான முறுக்குவிசைக்கு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடமாற்றம்: உங்கள் வண்டியில் பின்டயர்கள் அதே பக்கத்தில் நேராக முன்னே வரும், முன்டயர்கள் குறுக்காகப் பின்னே போகும்.

எந்த நிறுவனத்தின் டயர் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பெயர் சொல்வதில்லை. அளவு, பாரக்குறி, எச்.டி. அமைப்பு, உயர்ந்த ஈரப்பிடிப்பு, புதிய தேதி என்ற ஐந்தும் பொருந்தும் டயர்கள் உங்கள் கடையில் இரண்டு மூன்றாவது இருக்கும். அவற்றில் விலை பார்த்து எடுங்கள்.

இவ்வளவு அளந்து எழுதிய நீங்கள் ஒரு டயரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தொட்டிக்கு அடியில், சேறும் புழுதியும் தெறிக்கும் இடத்தில், சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெப்னி. பாதி வண்டிகளில் அது வண்டியோடு வந்த முதல் டயராகவே இருக்கும். இறக்கும் பொறி துருப்பிடித்து இறுகியிருக்கும். காற்று எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாளை காலை வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் என்ன என்பதையும், அதைக் கீழே இறக்க முடிந்ததா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.